பீயிங் ஜான் மால்கோவிச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1999-இல் வந்த இந்த அமெரிக்கப் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள், பார்த்துவிட்டுக் குழம்பியவர்கள், திரையிட நினைக்கும் திரைப்படக் கழகத்தார் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இவை. முதல் மூன்று பதில்களில் கதையின் முக்கிய முடிச்சுகள் அவிழாது. படம் பார்க்காதவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த மாதிரிப் படம் இது?

ஒரு பிரபல நடிகரின் தலைக்குள் போக வழி கிடைத்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லும் நகைச்சுவைப் படம். இயக்கியவர் ஸ்பைக் ஜோன்ஸ். இசை வீடியோக்களில் பெயரெடுத்தவர், முழுநீளப் படம் இதுதான் முதல். எழுதியவர் சார்லி காஃப்மன். டிவி தொடர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர், படமாக வந்த அவருடைய முதல் திரைக்கதை இது. ஒளிப்பதிவு லான்ஸ் அகார்ட், இசை கார்ட்டர் பர்வெல். ஓடும் நேரம் ஏறக்குறைய 1 மணி 52 நிமிடம்.

மாயாஜாலப் படம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒளிவெள்ளம், மந்திரம், இடிமுழக்கம் எதுவும் கிடையாது. ஃபைல் அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு, உள்ளே சேறு படிந்த ஒரு பொந்து, அவ்வளவுதான். அதிசயம் நடந்த அடுத்த காட்சியிலேயே டிக்கெட் விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கதை என்ன?

நியூயார்க்கில் கிரெய்க் ஷ்வார்ட்ஸ் என்றொரு பொம்மலாட்டக்காரன். ஜான் க்யூசாக் நடித்திருக்கிறார். தெருவோரம் பொம்மலாட்டம் போட்டு அடி வாங்குவதுதான் பிழைப்பு. மனைவி லாட்டி விலங்குக் கடையில் வேலை பார்க்கிறாள். வீடு முழுக்கக் கிளி, உடும்பு, சிம்பன்ஸி. லாட்டியாக வருவது கேமரன் டியாஸ் என்பது பல பேருக்குக் கடைசியில் பெயர்கள் ஓடும்போதுதான் உறைக்கும். தலைமுடியும் தோற்றமும் அவ்வளவு மாறியிருக்கின்றன.

காசுக்காகக் கிரெய்க் ஒரு ஃபைல் குமாஸ்தா வேலைக்குப் போகிறான். குள்ளமான ஆள், வேகமாக விரல் ஓட வேண்டும் என்பது விளம்பரம். நூல் பிடித்துப் பழகிய விரல், வேலை கிடைத்துவிடுகிறது. அங்கே வேலை செய்யும் மேக்ஸின் மேல் ஒருதலைக் காதல். மேக்ஸினாகக் கேதரின் கீனர். ஒரு நாள் அலமாரிக்குப் பின்னால் கதவைக் கண்டுபிடிக்கிறான். நுழைந்தால் நடிகர் ஜான் மால்கோவிச்சின் கண் வழியாக உலகம் தெரிகிறது. மேக்ஸினும் அவனும் சேர்ந்து அதை வியாபாரமாக்குகிறார்கள். ஒரு தடவைக்கு 200 டாலர்.

ஏழரையாவது மாடி எதற்கு?

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு மாடி. லிஃப்டில் அதற்குப் பொத்தான் கிடையாது. ஏழைத் தாண்டியதும் அவசர நிறுத்தத்தை அழுத்தி, கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்து இறங்க வேண்டும். கூரை தாழ்வு என்பதால் எல்லாரும் குனிந்தே நடக்கிறார்கள், குனிந்தே காதலிக்கிறார்கள். வாடகை குறைவு என்பது அலுவலகத்தார் சொல்லும் காரணம். மெர்ட்டின் என்ற ஐரிஷ் கப்பல் தலைவர், குள்ளமான ஒரு பெண்ணுக்காக இந்த மாடியைக் கட்டினார் என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு அறிமுகப் படமும் போட்டுக் காட்டுகிறார்கள். அது கட்டுக்கதை. உண்மைக் காரணம் பின்னால் வரும்.

ஏழரை என்றதும் நமக்குச் சனி ஞாபகத்துக்கு வரும். கிரெய்குக்கும் அங்கேதான் பிடிக்கிறது.

திரைக்கதையில் இந்த மாடிக்கு ஒரு வேலை உண்டு. கூரை தாழ்ந்த அலுவலகத்தை நாம் ஏற்றுக்கொண்ட பிறகு, கதவுக்குப் பின்னால் இன்னொருவர் மூளை இருக்கிறது என்றால் நாம் முரண்டு பிடிப்பதில்லை. சின்ன அபத்தத்தை முதலில் விழுங்க வைத்துவிட்டுத்தான் பெரியதை நீட்டுகிறார் காஃப்மன்.

அந்த வாசலின் விதிகள் என்ன? லாஜிக் இடிக்கிறதே?

இடிக்கவில்லை. விதிகள் படம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

தவழ்ந்து உள்ளே போனால் கொஞ்ச தூரத்தில் கதவு சாத்திக்கொள்ளும், ஆளை உறிஞ்சி இழுத்துவிடும். அதன்பின் மால்கோவிச் பார்ப்பதும் கேட்பதும் உடம்பில் உணர்வதும் உள்ளே போனவருக்கும் கிடைக்கும். மால்கோவிச் நினைப்பது கிடைக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணையும் தோலையும் வாடகைக்கு எடுக்கலாம், மனதை எடுக்க முடியாது.

15 நிமிடம் ஆனதும் நியூஜெர்சி நெடுஞ்சாலை ஓரத்தில், வானத்திலிருந்து விழுந்த மாதிரி வந்து விழுவார்கள். அங்கிருந்து ஊருக்குத் திரும்புவது அவரவர் பாடு.

வாசல் எந்த உடம்புக்குள் திறக்கிறதோ, அதற்கு 44 வயது நிறையும் நாள் நள்ளிரவில் அந்த உடம்பு ‘பழுக்கிறது’. அதற்குச் சற்று முன்னால் நுழைபவர்கள் நிரந்தரமாகத் தங்கிவிடலாம், கூட்டமாகவும் போகலாம். நள்ளிரவு தாண்டினால் வாசல் புதிதாகப் பிறந்த ஒரு குழந்தைக்கு மாறிவிடும். அப்போது நுழைந்தவருக்கு அந்தக் குழந்தையை ஆட்டி வைக்கவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. உள்ளிருந்து பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

கடைசி விதியை மறந்தவர்களுக்குத்தான் முடிவு புரியாமல் போகிறது.

15 நிமிடம் என்றால் கிரெய்க் மட்டும் மாதக்கணக்கில் எப்படி உள்ளே இருந்தான்?

தொழில் கைகொடுத்தது. மற்றவர்கள் உள்ளே போய் வேடிக்கை பார்க்கிறார்கள், இவன் ஆட்டத் தெரிந்தவன். படிப்படியாகத்தான் பிடிக்கிறான். முதலில் மால்கோவிச்சின் கையை லேசாக அசைக்க முடிகிறது. பிறகு வாயில் சொல் வரவழைக்கிறான். கடைசியில் முழு உடம்பும் வசமாகிறது. பிடி இறுகியதும் 15 நிமிடக் கணக்கு அவனைத் தொடுவதில்லை.

இந்தப் படிகளில் ஒன்றைக்கூட இயக்குநர் தாண்டிப் போகவில்லை. கை அசையும் காட்சியில் மால்கோவிச் தன் கையையே பார்த்துத் திகைப்பதைக் கவனியுங்கள். படம் வேடிக்கையிலிருந்து திகிலுக்குத் திரும்பும் இடம் அது.

நம்ம கூடு விட்டுக் கூடு பாய்தல்தானே இது?

அந்தப் பக்கம்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பெரியபுராணத்தில் திருமூலர் நுழைவது, இறந்துபோன இடையன் மூலனின் உடலுக்குள். மேய்ப்பனை இழந்து கதறிய பசுக்களின் துயரம் தீர்க்கவே நுழைகிறார். சொந்தக்காரர் போன பிறகு காலியான கூடு அது. மால்கோவிச் உயிரோடு இருக்கிறார். உள்ளே ஒரு மூலையில் ஒடுக்கப்பட்டு, தன் கை தன்னைக் கேட்காமல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட்டின் சொந்தக்காரன் கதி என்ன என்பதுதான் இந்தப் படம் விடாமல் கேட்கும் கேள்வி.

மால்கோவிச் தன் வாசலுக்குள் தானே நுழையும் காட்சியில் என்ன நடக்கிறது?

மேக்ஸினைப் பின்தொடர்ந்து அலுவலகத்துக்கு வரும் மால்கோவிச், தன் பெயரில் வரிசை நிற்பதைப் பார்த்து, தானும் நுழைவேன் என்று அடம் பிடிக்கிறார். உள்ளே ஒரு ஆடம்பர உணவகம். மேசையில் இருக்கும் பெண், பரிமாறுபவர், பாடகி எல்லாருக்கும் அவர் முகம். மெனுவில் எல்லா உணவின் பெயரும் மால்கோவிச். பேச்சும் அந்த ஒரே சொல். அதே சொல்லைக் கெஞ்சலாக, கொஞ்சலாக, அதட்டலாகச் சொல்லிச் சொல்லியே உரையாடல் நடக்கிறது.

மற்றவர்கள் இங்கே வந்தால் இன்னொருவராக இருக்கும் சுகம் கிடைக்கிறது. சொந்தக்காரருக்கு ‘இன்னொருவர்’ என்பதே காணாமல் போய்விடுகிறது. சாலையோரத்தில் விழுந்து எழுந்ததும், அந்த வாசலை மூடியே ஆக வேண்டும், அது என் தலை என்கிறார். கிரெய்கோ அது தன் பிழைப்பு என்கிறான். கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சொல்வதுதான் அந்தக் காட்சியின் கொடுமையும் சிரிப்பும்.

படத்தில் வருவது உண்மையான மால்கோவிச்சின் வாழ்க்கையா?

பெயரும் முகமும் உண்மை, மற்றவை புனைவு. படத்தில் நடுப்பெயர் ஹொரேஷியோ, நிஜத்தில் கவின். 1953-இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். சிகாகோவின் ஸ்டெப்பன்வுல்ஃப் நாடகக் குழுவில் வளர்ந்தவர். 1984, 1993 ஆண்டுகளில் வந்த படங்களுக்காகத் துணை நடிகர் ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். படத்திலோ ஒரு டாக்ஸி டிரைவர் அவரிடம், நகைத் திருடனாக நடித்தீர்களே, பிரமாதம் என்கிறார். அப்படி ஒரு வேடத்தில் தான் நடித்ததே இல்லை என்று மால்கோவிச் மறுத்தும் அவர் விடுவதாக இல்லை. ஊரறிந்த மனிதரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நடிகர் சார்லி ஷீனும் சார்லி ஷீனாகவே வருகிறார். ஷான் பென், பிராட் பிட் இருவரும் கண்ணிமைக்கும் நேரம் தலைகாட்டுகிறார்கள்.

இத்தனை நடிகர்கள் இருக்க மால்கோவிச் ஏன்?

சரியான அளவு புகழ் என்பது எங்கள் கணிப்பு. பெரிய வசூல் நாயகரின் தலைக்குள் போகிறோம் என்றால், கூட்டம் வருவதில் வியப்பில்லை, படம் புகழைப் பற்றியதாகிவிடும். யாருக்கும் தெரியாதவர் என்றாலும் வேலைக்காகாது. மால்கோவிச்சின் பெயர் எல்லாரும் கேட்டது, ஆள் எப்படி என்று யாருக்கும் தெரியாது. முதல் தடவை உள்ளே போகும் கிரெய்க் காண்பது, அவர் டோஸ்ட் கடித்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பதை. காசு கட்டி வருபவருக்கும் அவர் ஃபோனில் குளியலறைச் சாமான் ஆர்டர் செய்வதைக் கேட்கும் பாக்கியம்தான். அதற்கே சொக்கிப்போகிறார்கள். அந்த வாழ்க்கை சாதாரணமாக இருப்பதால்தான், தான் அல்லாத எவராகவேனும் இருந்தால் போதும் என்ற பசி பளிச்சென்று தெரிகிறது.

மேக்ஸின் காதலிப்பது யாரை?

லாட்டியை. ஆனால் மால்கோவிச்சுக்குள் இருக்கும் லாட்டியை. உள்ளே போய் வந்த லாட்டிக்கு, ஆணாக இருந்த அந்தக் கொஞ்ச நேரம் தன்னைப் பற்றி எதையோ உடைத்துவிடுகிறது. மேக்ஸினுக்கோ மால்கோவிச்சின் கண்ணுக்குப் பின்னால் அவளைத் தெரிகிறது. இதைப் பொறுக்க முடியாத கிரெய்க், துப்பாக்கி முனையில் மனைவியைச் சிம்பன்ஸிக் கூண்டில் அடைத்துவிட்டு, அவள் பெயரைச் சொல்லி மால்கோவிச்சுக்குள் போகிறான்.

இந்த இடத்தில் மூன்று பேருடைய சம்மதம் ஒரே நேரத்தில் மீறப்படுகிறது. லாட்டி பூட்டப்படுகிறாள், மேக்ஸின் ஏமாற்றப்படுகிறாள், மால்கோவிச்சை யாரும் கேட்கவே இல்லை. க்யூசாக்கின் அப்பாவி முகத்தைப் பார்த்து அதுவரை கிரெய்குக்காகப் பரிதாபப்பட்டவர்களுக்கு இங்கே சுருக்கென்று இருக்கும். படம் அவனைக் கதாநாயகனாகப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

டாக்டர் லெஸ்டர் யார்?

அலுவலக முதலாளி (ஆர்சன் பீன்). 105 வயது, காரட் சாறுதான் ரகசியம் என்கிறார். உண்மையில் இவர்தான் அந்தக் கப்பல் தலைவர் மெர்ட்டின். வாசலைக் கண்டுபிடித்து, அதை மறைக்கத்தான் கட்டடம் எழுப்பினார். ஒரு உடம்பு முதிரும்போது அடுத்ததற்குத் தாவியே காலம் தள்ளுகிறார். அடுத்த கூடு மால்கோவிச். அவர் வாழ்க்கை முழுவதையும் படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார். இந்த முறை தன் வயோதிக நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போகத் திட்டம்.

லெஸ்டரின் செயலர் ஃப்ளோரிஸுக்கு யார் என்ன சொன்னாலும் வேறாகத்தான் காதில் விழும். தவறு தன் நாக்கில் என்று அவளை நம்பி வருந்துகிறார் லெஸ்டர், பேச்சு நன்றாகவே இருந்தும். நான் யார் என்பதை இன்னொருவர் சொல் முடிவு செய்வது இந்தச் சின்ன நகைச்சுவையிலேயே தொடங்கிவிடுகிறது.

முடிவு புரியவில்லை. யார் யாருக்குள் போனார்கள்?

மால்கோவிச்சைப் பிடித்த கிரெய்க், அவரை நடிப்பை விட வைத்து உலகப் புகழ் பொம்மலாட்டக் கலைஞராக்குகிறான். மேக்ஸின் கர்ப்பம். மால்கோவிச்சின் 44-வது பிறந்தநாள் நெருங்குகிறது. லெஸ்டர் கூட்டம் மேக்ஸினைக் கடத்தி, உடம்பை விட்டு வெளியேறு என்று கிரெய்கை மிரட்டுகிறது.

இதற்கிடையே லாட்டி துப்பாக்கியோடு மேக்ஸினைத் துரத்த, இருவரும் வாசலுக்குள் விழுகிறார்கள். மால்கோவிச்சின் சின்ன வயது அவமானங்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் ஓடி, சாலையோரத்தில் போய் விழுகிறார்கள். லாட்டி உள்ளே இருந்தபோது உண்டான குழந்தை இது, அதனால்தான் சுமக்கிறேன் என்கிறாள் மேக்ஸின். சண்டை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

மேக்ஸினைக் காப்பாற்றக் கிரெய்க் வெளியேறுகிறான். லெஸ்டரும் நண்பர்களும் மால்கோவிச்சுக்குள் குடியேறுகிறார்கள். லாட்டியும் மேக்ஸினும் சேர்ந்துவிட்டதைக் கண்ட கிரெய்க், மறுபடி மால்கோவிச்சாகி மேக்ஸினை மீட்பேன் என்று வாசலுக்கு ஓடுகிறான். நேரம் கடந்துவிட்டது. ஏழு வருடம் கழித்து, மேக்ஸினின் மகள் எமிலியின் கண் வழியாக நாம் இரு பெண்களையும் பார்க்கிறோம். உள்ளே கிரெய்க். முகத்தைத் திருப்பு என்று கெஞ்சுகிறான், அவளோ இமைக்காமல் அம்மாக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மால்கோவிச் உடம்பில் இருக்கும் லெஸ்டர், அடுத்த கூடு எமிலி என்று ஏற்கெனவே படங்களை ஒட்டத் தொடங்கியாயிற்று.

மால்கோவிச்சின் நடிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே உடம்பில் அடுத்தடுத்துப் பல ஆட்களைக் காட்டுகிறார். அதை அளக்க எளிய வழி உண்டு. படத் தொடக்கத்தில், ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் இசைக்குக் கிரெய்கின் பொம்மை ஆடும் ஆட்டத்தை நன்றாகப் பார்த்து வையுங்கள். கண்ணாடியில் தன்னைக் கண்டு உடைக்கும், குட்டிக்கரணம் போடும், தன்னை ஆட்டுபவனை அண்ணாந்து பார்க்கும். பாதிப் படத்துக்கு மேல் அதே ஆட்டத்தை மேக்ஸின் முன்னால் மால்கோவிச் ஆடுகிறார். அந்த உடம்பில் கிரெய்க் குடியேறிவிட்டான் என்பதற்கு வசனமே தேவைப்படவில்லை. அதன்பின் அவர் பேச்சின் அவசரத்தையும் தோள் கூனலையும் க்யூசாக்கோடு ஒப்பிடுங்கள்.

பொம்மலாட்டக் காட்சிகள் நிஜமா?

நிஜம். நூல்பாவைகளை ஆட்டியது ஃபிலிப் ஹியூபர் என்ற தொழில்முறைக் கலைஞர். பாவையின் முகம் அசையாது. சோகம் முழுக்கத் தலை சாயும் கோணத்திலும், கை எழுந்து பாதியில் நிற்கும் தாமதத்திலும் வருகிறது. தொடக்க ஆட்டத்தை ஒலி இல்லாமல் ஒரு முறை போட்டுப் பார்த்தால் இது பிடிபடும்.

சிம்பன்ஸி எதற்கு?

எலைஜா என்ற அந்தச் சிம்பன்ஸிக்கு மனநல மருத்துவர் உண்டு, வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் சின்ன வயது அதிர்ச்சி என்கிறார். லாட்டி கட்டுண்டு கிடக்கும்போது, வேடர்கள் தன் பெற்றோரைக் கட்டிய நாள் அதற்கு ஞாபகம் வருகிறது. குரங்கு மொழிக்கு சப்டைட்டில் போடுகிறார்கள். அன்று அவிழ்க்க முடியாத கட்டை இன்று அவிழ்க்கிறது. தன் கடந்த காலத்தோடு நேர்மையாகக் கணக்குத் தீர்ப்பது படத்தில் இது ஒன்றுதான்.

விருது கிடைத்ததா?

இயக்குநர், அசல் திரைக்கதை, துணை நடிகை (கீனர்) என மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றும் கிடைக்கவில்லை. பிரிட்டனின் பாஃப்டா விருது திரைக்கதைக்குக் கிடைத்தது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ். பாலுறவுக் காட்சிகள், கெட்ட வார்த்தைகள், மனைவியைக் கூண்டில் அடைக்கும் வன்முறை எல்லாம் இருக்கின்றன. கழகத்தில் போடுவதானால் கூண்டுக் காட்சி பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நகைச்சுவை என்று வந்தவர்கள் அங்கேதான் நெளிகிறார்கள்.

திரையிடும்போது என்ன தவறு நடக்கும்?

மூன்று தவறுகள் வழக்கம். முதலாவது, படத்தின் அகல விகிதம் 1.85:1. வீட்டு டிவியிலோ புரொஜெக்டரிலோ மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி. பட்டை தெரியாமல் திரை நிறைந்திருந்தால் ‘ஸூம்’ அல்லது ‘ஓவர்ஸ்கேன்’ ஓடுகிறது, அணைத்துவிடுங்கள். மால்கோவிச் கண் வழியாகப் பார்க்கும் காட்சிகளில் ஓரம் கறுத்து வட்டமாக இருக்கும். ஓரம் வெட்டுப்பட்டால் சாதாரணக் காட்சிக்கும் அதற்கும் வித்தியாசம் மங்கிவிடும்.

இரண்டாவது, வெளிச்சம். கிரெய்கின் வீடும் அலுவலகமும் வேண்டுமென்றே மங்கலாக எடுக்கப்பட்டவை. ஜன்னல் மூடாத அறையில் போட்டால் பாதிப் படம் பழுப்புக் கறையாகத்தான் தெரியும். புரொஜெக்டரின் பிரைட்னஸை ஏற்றுவது தீர்வாகாது, கறுப்பு சாம்பலாகிவிடும். அறையை இருட்டாக்குங்கள்.

மூன்றாவது, ஒலி. உள்ளே இருப்பவர் முணுமுணுப்பதும் மால்கோவிச் வெளியே பேசுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். லேப்டாப் ஸ்பீக்கரில் இரண்டும் குழைந்து போகும். நல்ல ஸ்பீக்கர் இல்லையென்றால் சப்டைட்டிலாவது போடுங்கள்.

இந்த மாதிரி ஒரு திரைக்கதை எழுத ஆசை. எங்கே சறுக்குவார்கள்?

அபத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதில். இந்தப் படத்தில் நம்ப முடியாத விஷயம் என்று பார்த்தால் வாசலும் மாடியும்தான். மற்றதெல்லாம் பொறாமை, கடன், வாடகை, வயது ஏறும் பயம். அதிசயத்தை ஒன்றோடு நிறுத்தி, அதற்கு விதி எழுதி, அந்த விதியை ஆசாமிகள் எப்படிச் சுரண்டுவார்கள் என்று யோசிப்பது ஒரு முறை. விதியை எழுத்தாளர் பாதியில் மாற்றினால் பார்ப்பவர் கைவிட்டுவிடுவார். கதாபாத்திரம் தன் திறமையால் அதில் ஓட்டை போட்டால் கைதட்டுவார். கிரெய்க் 15 நிமிடத்தைத் தாண்டுவது இரண்டாவது வகை.

முதல் வரைவில் கடைசிப் பகுதி வேறு மாதிரி இருந்தது. மால்கோவிச் உடம்பில் இருக்கும் கிரெய்குக்கும், மான்டினி என்ற போட்டி பொம்மலாட்டக்காரனுக்கும் பெரிய மோதல் வரும். படத்தில் மான்டினி ஓரமாகத் தலைகாட்டுவதோடு சரி. வெட்டியது நல்லதுக்குத்தான். மோதல் வெளியே போனால் வாசலும் அதன் நள்ளிரவுக் கெடுவும் மறந்துபோகும். எழுதுபவர்கள் அந்த வரைவையும் படத்தையும் அருகருகே வைத்துப் படித்தால், எதை வெட்டினார்கள் என்பதைவிட ஏன் வெட்டினார்கள் என்பது விளங்கும்.

அடுத்து எதைப் பார்க்கலாம்?

அதே இயக்குநரும் எழுத்தாளரும் 2002-இல் செய்த அடாப்டேஷன். இந்தப் படத்தின் படப்பிடிப்புத் தளத்தில் தொடங்குகிறது, மால்கோவிச்சும் அங்கே இருக்கிறார். அதனால் இதைப் பார்த்து ஓரிரு நாளிலேயே அதையும் பார்ப்பது உத்தமம். வரிசையை மாற்றிப் பார்த்தால் அதன் முதல் காட்சியின் கேலி வீணாகிவிடும்.